உஷார்! "எல்லாம் பேடுதான் அக்கா" என்று ஒரு பெட்டி வரும்

அலுவிகாரைப் பக்கம் வளவோடு வீடு வைத்திருப்பவர்கள், மாத்தளை டவுனிலிருந்து பலாபத்வலை வரைக்கும் ஏ9 வீதியோரம் குடியிருப்பவர்கள், காசை வெளியே எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். துளை போட்ட அட்டைப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் உங்கள் கேட்டடியில் நிற்பார். "அக்கா, முட்டைக்கோழிக் குஞ்சு. எல்லாம் பேடுதான், சேவல் ஒன்றுகூட இல்லை. வளர்ந்தால் சிவப்புக் கோழி, பிறவுண் முட்டை" என்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள், பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பதெல்லாம் மஞ்சள் குஞ்சு என்றால் பேரம் பேசவே வேண்டாம். அவர் சொன்ன சாதிதான் என்றால், அந்தப் பெட்டி முழுவதும் சேவல்.

மஞ்சள் நிறத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. விஷயம் இதுதான். பிறவுண் முட்டை போடும் கோழிகள் என்று நம் நாட்டில் விற்கப்படுபவை ஷேவர் பிறவுண், ஹைலைன் பிறவுண், லோமன் பிறவுண் போன்ற கலப்புகள். இவற்றின் தகப்பன் சிவப்பு, தாய் வெள்ளை. கோழியினத்தில் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணு, ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சேவலுக்கு அந்த நிறமூர்த்தம் இரண்டு, பேட்டுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் தகப்பனிடமிருந்து வருவது. ஆகவே மகளுக்குத் தகப்பனின் சிவப்பு மட்டும்தான் கிடைக்கும். மகனுக்கு இரண்டு பக்கமும் கிடைக்கும், அதில் தாயின் வெள்ளை மேலோங்கிவிடும். முட்டையை உடைத்துக்கொண்டு வரும் அன்றைக்கே பேடு செம்பழுப்பாகவும் சேவல் வெளிறிய மஞ்சளாகவும் இருப்பது இதனால்தான். குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வேலை செய்பவர் எதையும் தூக்கிப் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்த்தே இரண்டாகப் பிரித்துவிடுவார். பழுப்புக் குஞ்சு முட்டைப் பண்ணைக்குப் போகும். மஞ்சள் குஞ்சு யாருக்கும் வேண்டாத சரக்கு.

யாருக்கும் வேண்டாத சரக்கு என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். முட்டைக்கென்று உருவாக்கிய சாதியில் பிறக்கும் சேவல் முட்டையும் போடாது, இறைச்சிக் கோழியைப் போலச் சட்டென்று சதையும் பிடிக்காது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி ஆண் குஞ்சுகள் பிறந்த அன்றே கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். ஜெர்மனி 2022 ஜனவரி முதலாம் திகதியோடு அதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. கொல்லாத இடத்தில் அந்தக் குஞ்சு ஏதோ ஒரு விலைக்கு யாருடைய தலையிலாவது கட்டப்பட வேண்டும். தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயத்தில் முக்கி எடுத்த குஞ்சுகளைப் பிள்ளைகளிடம் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாயம் பிள்ளைகளின் கண்ணைப் பறிக்கிறது என்பது ஒன்று. சாயத்துக்குக் கீழே இருக்கும் மஞ்சளை மறைக்கிறது என்பது மற்றொன்று. எனவே சாயக் குஞ்சு எங்கே கண்டாலும், என்ன விலை சொன்னாலும், முட்டைக்கு என்று வாங்காதீர்கள்.

இதைக் கேட்டுவிட்டு, மஞ்சள் என்றாலே சேவல், பழுப்பு என்றாலே பேடு என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. வெள்ளை முட்டை போடும் லெகோர்ன் வழிக் கோழிகளில் சேவலும் மஞ்சள்தான், பேடும் மஞ்சள்தான். புறொய்லர் குஞ்சும் மஞ்சள். ஆக ஒரே மஞ்சளுக்குள் மூன்று சரக்கு ஒளிந்திருக்க முடியும்: சிவப்புக் கோழியின் சேவல், வெள்ளைக் கோழியின் இரு பாலும், பிறகு புறொய்லர். இதில் கடைசி மோசமானது. புறொய்லர் ஐந்தாறு வாரத்திலேயே இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். முட்டை போடும் என்று நினைத்து அதை மாதக்கணக்கில் வைத்திருந்தால் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் காலை நீட்டிப் படுத்துவிடும். கால் தடித்து, ஒரு வாரத்திலேயே மற்றக் குஞ்சுகளைவிட இரு மடங்கு தெரிந்து, எந்நேரமும் தீன் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கும் குஞ்சு இருந்தால் அது எதுவென்று சொல்லத் தேவையில்லை.

பழுப்புக் கணக்கும் ஒரு தலைமுறைக்கு மட்டும்தான் செல்லும். உங்கள் வளவில் வளர்ந்த ஷேவர் பிறவுண் பேட்டை அடுத்த வீட்டு ஊர்ச்சேவல் மிதித்து, அந்த முட்டையை ஒரு ஊர்க்கோழியின் கீழே அடை வைத்தீர்கள் என்று வையுங்கள். வரும் குஞ்சுகளில் பழுப்பும் இருக்கும், கறுப்பும் இருக்கும், வரி விழுந்ததும் இருக்கும். அதில் நிறத்தை வைத்து ஆண் பெண் பார்க்கவே முடியாது. "பழுப்பாயிருக்கிறதே, பேடுதான்" என்று யாராவது அந்தக் குஞ்சுக்குப் பேட்டு விலை கேட்டால், ஒன்றில் அவருக்கே தெரியாது, இல்லாவிட்டால் நன்றாகவே தெரியும்.

இந்த வியாபாரம் எதனால் சூடு பிடித்தது என்பதற்கு நெடுந்தூரம் தேட வேண்டியதில்லை. டொலர் இல்லாமல் போன காலத்தில் சோளமும் தீனும் தட்டுப்பட்டு, தாய்க்கோழிகள் இறக்குமதியும் குறைந்து, முட்டை விலை ஏறியது. 2023 பெப்ரவரியில் வெள்ளை முட்டைக்கு 44 ரூபா, சிவப்பு முட்டைக்கு 46 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை போட்டது. அந்த விலைக்குக் கடையில் முட்டை கிடைத்ததா என்பது வேறு கதை. மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலில் வந்தது. பிள்ளைக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுக்க யோசித்த வீடுகளில், "நாமே நாலு கோழி வளர்த்தால் என்ன?" என்ற பேச்சு வந்தது. நல்ல பேச்சுத்தான். ஆனால் நாலு கோழி என்று நினைத்து நாலு சேவலை வளர்த்தால் என்ன ஆகும்? ஒரு முட்டைக்கோழிக் குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வர, அதாவது பதினெட்டு வாரத்துக்கு, ஆறு ஏழு கிலோ தீன் தின்னும். சேவல் அதைவிடக் குறைவாகத் தின்னப் போவதில்லை. குஞ்சுக்குக் கொடுத்த காசு சின்னது. நட்டம் தீன் மூட்டையில்தான் இருக்கிறது. அந்த மூட்டை முடிகிற நேரத்தில் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு கொக்கரக்கோ கேட்கும். அப்போது பெட்டிக்காரர் எங்கே?

இனி வீட்டுப் பரிசோதனைகள். இவற்றில் ஒன்றுகூட நிற்காது, ஆனால் எல்லோரும் செய்கிறார்கள். கூர் முனை முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பேடு என்பது நம் பாட்டிமார் சொன்னது. கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இதையே தலைகீழாக எழுதி வைத்தார்: நீண்ட கூர் முட்டையில் பேடு, உருண்டையில் சேவல் என்று. இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டாக இரண்டு கட்சியும் தத்தம் கட்சியிலேயே நிற்கின்றன. முட்டையின் உருவம் தாய்க்கோழியின் கருக்குழாயைப் பொறுத்தது, உள்ளே இருக்கும் குஞ்சைப் பொறுத்ததல்ல. அடுத்தது நூலில் மோதிரம் கட்டிக் குஞ்சின் தலைக்கு மேல் தொங்கவிடுவது. வட்டம் சுற்றினால் பேடாம், முன்னும் பின்னும் ஆடினால் சேவலாம். ஆடுவது பிடித்திருப்பவர் கை. அடுத்தது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, தலையை நிமிர்த்தினால் சேவல் என்று சொல்வது. தலையை நிமிர்த்தினால் அந்தக் குஞ்சுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை.

இவற்றிலெல்லாம் பாதிப் பேருக்குச் சரியாக வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண் பெண் இரண்டில் ஒன்றுதானே! கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பத்தில் ஐந்து சரி. சரியாக வந்த அந்த ஐந்தைத்தான் சனம் காலமெல்லாம் ஞாபகம் வைத்திருக்கும்.

சிறகு பார்ப்பது கொஞ்சம் வேறு. அதற்கு உண்மையான அடிப்படை இருக்கிறது, அதனாலேயே ஏமாற்றவும் வசதி. பிறந்து ஒரு நாளான குஞ்சின் சிறகை விரல் நுனியால் மெல்ல விசிறி விரித்தால் இரண்டு வரிசை இறகுக் குருத்து தெரியும், கீழே ஒரு வரிசை, அதை மூடியிருக்கும் மேல் வரிசை ஒன்று. கீழ் வரிசை நன்றாக நீண்டு, மேல் வரிசை குட்டையாக இருந்தால் பேடு. இரண்டும் ஒரே நீளம், அல்லது மேல் வரிசை நீளம் என்றால் சேவல். சரி, இதைக் கற்றுக்கொண்டால் போதுமே என்று தோன்றும். போதாது. இறகு வேகமாக முளைக்கும் தகப்பனையும் மெதுவாக முளைக்கும் தாயையும் வேண்டுமென்றே சேர்த்து உருவாக்கிய குஞ்சில்தான் இது பலிக்கும். அதிலும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் பார்த்துவிட வேண்டும், பிறகு இரண்டும் வளர்ந்து கலந்துவிடும். உங்கள் ஊர்க்கோழி பொரித்த குஞ்சில், அல்லது பத்து நாள் வயதான குஞ்சில், யாராவது சிறகை விரித்துக் காட்டி "பாருங்கள் அக்கா, நீளம்" என்றால், அந்த இறகு உண்மையிலேயே நீளமாகத்தான் இருக்கும். அதற்கும் பேட்டுக்கும்தான் சம்பந்தம் இல்லை.

பின்பக்கம் பிதுக்கிப் பார்க்கிற முறையைப் பற்றி உரத்த குரலில் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வீடியோவில் ஒருவர் குஞ்சை இடது உள்ளங்கையில் வைத்து, எச்சத்தை ஒரு அழுத்தில் வெளியேற்றி, பெருவிரலால் துவாரத்தை மலர்த்தி, கண் இமைப்பதற்குள் இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி என்று போடுகிறார். அது ஜப்பானில் தொடங்கிய வித்தை. மசுயி, ஹஷிமொட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1920களில் அதை வகுத்துச் சொன்னார்கள், 1933இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. அதன் பிறகு ஜப்பானியக் கைகாரர்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இதற்கென்றே போய்ச் சம்பாதித்தார்கள். அவர்கள் தேடுவது குண்டூசித் தலையளவுகூட இல்லாத ஒரு மேடு. அது பேட்டுக் குஞ்சிலும் சிலவேளை இருக்கும். எது எதுவென்று பிரித்தறியும் கண்ணைப் பெற ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். கைதேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சு பார்ப்பார், நூற்றில் இரண்டு மூன்று அவருக்கும் தவறும். ஒரு நாள் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு இன்னும் கரையாமல் பையாக இருக்கிறது. தெரியாத விரல் அழுத்தினால் அந்தப் பை உடையும், அல்லது குடல் பிதுங்கி வெளியே வரும். அன்றைக்கு நன்றாகத்தான் நிற்கும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சுருண்டுவிடும், "என்ன வருத்தமோ தெரியவில்லை" என்பார்கள். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்பார்கள். மனிதன் பிதுக்கினால் முடமாவது என்ன, செத்தே போகும்.

ஜெர்மனியில் இன்றைக்கு முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்க்க இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு வகை, முட்டை ஓட்டில் மிக நுண்ணிய துளை போட்டு ஒரு துளி நீரை எடுத்துச் சுரப்பைச் சோதிக்கிறது. இன்னொரு வகை, ஓட்டுக்கு வெளியிலிருந்து ஒளி பாய்ச்சி உள்ளே முளைக்கும் இறகின் நிறத்தைப் பார்க்கிறது. மேலே சொன்ன அதே சிவப்பு வெள்ளைக் கணக்குத்தான். இவ்வளவு செலவு செய்து கண்டுபிடிக்கும் சங்கதியை மோட்டார் சைக்கிளில் வந்தவர் கலப்பு ஊர்க்குஞ்சைக் கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்றால், ஒன்றும் பேசாமல் கேட்டைச் சாத்துங்கள்.

அப்படியானால் எப்போதுதான் தெரியும்? பொறுமை உள்ளவருக்கு நாலைந்து வாரத்திலிருந்து தெரியத் தொடங்கும். ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள், தனிக் குஞ்சைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நாலைந்து வாரத்தில் சிலவற்றின் கொண்டை அகலமாகி இளஞ்சிவப்பு ஏறும், தாடை கீழே தொங்கப் பார்க்கும். மற்றவற்றின் கொண்டை ஒட்டிக்கொண்டு, வெளிறிய மஞ்சளாகவே கிடக்கும். சிவக்கிறவை சேவல். சேவல் குஞ்சின் கால் தடிப்பு, நின்றால் நெஞ்சை நிமிர்த்திய நிலை, முதுகில் இறகு முளைக்கத் தாமதமாகி நடுவில் ஒரு மொட்டை. பேட்டுக்கு வால் இறகு முந்திக்கொள்ளும், முதுகும் சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

இங்கேதான் இரண்டாவது மோசடி காத்திருக்கிறது. ஒரு நாள் குஞ்சு வாங்கி ஏமாந்தவர் அடுத்த முறை விவரமாக இரண்டு மாதக் கோழி கேட்பார். விற்பவரும் விவரமாக ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். "கொண்டை எப்படிச் சிவந்திருக்கிறது பாருங்கள். இன்னும் கொஞ்ச நாளில் முட்டை விடும்." கேட்பவருக்கு நியாயமாகத்தான் படும், ஏனென்றால் முட்டையிடப் போகும் பேட்டுக்குக் கொண்டை சிவப்பது உண்மை. ஆனால் அது பதினாறு, பதினெட்டு வாரத்தில். ஊர்க்கோழிக்கு இன்னும் பிந்தும். இரண்டு மாதத்தில் கொண்டை இரத்தச் சிவப்பாக இருந்தால் அது முட்டைக்குத் தயாராகவில்லை, கூவத் தயாராகிறது. இரண்டு மாதப் பேட்டுக்குக் கொண்டை சின்னதாய், வெளிறித்தான் இருக்கும். பார்க்க அழகில்லாத அதுதான் உங்களுக்கு வேண்டியது. கூட்டத்தில் கொழுத்து, சிவந்து, முன்னால் வந்து நிற்பதைக் கை காட்டி "அதைத் தாருங்கள்" என்று கேட்டு வாங்குகிற வழக்கம் நமக்கு உண்டு. இதில் அந்த வழக்கம் வேண்டாம்.

கொண்டையும் எல்லாக் கோழிக்கும் சாட்சி சொல்லாது. சண்டைக் கோழி இரத்தம் கலந்தவற்றுக்குக் கொண்டை பட்டாணி அளவில் தலையோடு ஒட்டியிருக்கும். சேவலுக்கே அது பெரிதாக வளராது. நம் பக்கத்தில் ஓடும் கழுத்துமொட்டைக் கோழிகளோ, வயதுக்கு முன்னாலேயே பெரியமனிதத் தோற்றம் காட்டும். இந்தக் குழப்பத்துக்கெல்லாம் கடைசித் தீர்ப்பு இடுப்பு இறகில் இருக்கிறது. மூன்று மாதத்துக் கோழியைப் பிடித்து, வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் முதுகின் இரு புறமும் சரியும் இறகில் ஒன்றை இரண்டு விரலுக்கிடையில் எடுத்துப் பாருங்கள். ஒடுங்கி, நீண்டு, பளபளத்து, முனை வேல் போலக் கூராக இருந்தால் சேவல். அகன்று, மங்கலாக, முனை வட்டமாக முடிந்தால் பேடு. கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் வரும், ஆனால் கழுத்து சிலவேளை ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. புது இறகு ஒன்றிரண்டு கூராக எட்டிப் பார்த்தாலும் போதும். பேட்டின் இறகை வட்டமாக்குவது அதன் சூலகத்துச் சுரப்பு. அந்தச் சுரப்பு இல்லாத உடம்பில் கூர் இறகுதான் முளைக்கும்.

இதே காரணத்தால் நடக்கும் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், பல வீட்டில் ஒரு நல்ல கோழி இதனால் வீணாகச் சட்டிக்குப் போகிறது. கோழிக்கு வேலை செய்வது இடப்பக்கச் சூலகம் ஒன்று மட்டும். அது நோயால் கெட்டுவிட்டால், முட்டையிட்டுக்கொண்டிருந்த பேடு நிறுத்திவிட்டு, கொண்டை பெருத்து, அடுத்த இறகு உதிர்வில் சேவல் இறகு போர்த்து, கூவவும் கூவும். சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமை ஏற்ற பேடு உடம்பில் ஒரு குறையும் இல்லாமலே இரண்டொரு முறை கூவுவதும் உண்டு; அது தொடர்ந்து முட்டையும் விடும். "பேடு கூவினால் வீட்டுக்கு ஆகாது" என்று அன்றைக்கே கழுத்தைத் திருகிவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1474இல் முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு சேவலை விசாரித்து எரித்தார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கூவிய மறுநாள் கூட்டில் முட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொரு ஏமாற்று, பார்க்க உபகாரம் மாதிரித் தெரியும். "பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் சேர்த்துத் தருகிறேன், இல்லாவிட்டால் முட்டை விடாது." விடும். சேவலே இல்லாமல் பேடு முட்டை விடும். கடையில் வாங்கும் பண்ணை முட்டை அத்தனையும் அப்படி விட்டதுதான். குஞ்சு பொரிக்க முட்டை வேண்டுமென்றால் மட்டும் சேவல் தேவை, பத்துப் பேட்டுக்கு ஒன்று போதும். இரண்டு சேவல் சேர்ந்துவிட்டால் ஒன்றையொன்று கொத்தி, பேடுகளின் முதுகையும் மிதித்தே உரித்துவிடும். ஏற்கனவே ஏமாந்து சேவலோடு நிற்பவர்கள் மனம் வெறுக்க வேண்டாம். தோட்டப் பக்கம் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஊர்ச்சேவலைத் தேடித்தான் வருவார்கள், தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் சேவலுக்கு ஆள் உண்டு. அதற்குமேல் வைத்திருந்து தீன் போடாதீர்கள்.

பெட்டியில் வருவது சேவல் மட்டுமல்ல. எங்கெங்கோ கூட்டிச் சேர்த்த குஞ்சுகளோடு ராணிகெட் நோயும் வரும். கழுத்து முறுக்கி, பச்சையாய்க் கழிந்து, ஒரு கிழமைக்குள் கூட்டையே காலி பண்ணிவிடும். புதிதாக எதை வாங்கினாலும் பழைய கோழிகளிடமிருந்து குறைந்தது இரண்டு வாரம் தள்ளி, தனித் தீன் தட்டு, தனித் தண்ணீர் வைத்து வளருங்கள். தடுப்பூசியை எப்போது, எப்படிக் கொடுப்பது என்று மாத்தளை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளைகள் குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சினால் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். குஞ்சின் எச்சத்தில் வயிற்றோட்டக் கிருமி இருக்கும், குஞ்சுக்கு ஒன்றும் செய்யாது, பிள்ளைக்குச் செய்யும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் கேட்டடியில் வாங்காதீர்கள். கால்நடை அலுவலகத்திலேயே கேட்டால் எங்கே நம்பி வாங்கலாம் என்பார்கள். கண்டிப் பக்கம் குண்டசாலை, கரந்தகொல்லையில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அதைப் பற்றியும் விசாரியுங்கள். அவசரம் இல்லாவிட்டால் மூன்று மாதக் கோழியாக, இடுப்பு இறகைப் பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும். அந்த மூன்று மாதத்துத் தீனை வேறொருவர் போட்டிருக்கிறார். ஊர்க்குஞ்சுதான் வேண்டும் என்றால் கலந்த குஞ்சு என்று தெரிந்தே, கலந்த குஞ்சின் விலைக்கு வாங்குங்கள். பாதி சேவல் வரும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொண்டால் அது ஏமாற்றமே இல்லை. தவறு, பேட்டு விலை கொடுப்பதில்தான்.

பேடு என்று சொல்லி விற்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வழியாகவே வந்துகொண்டிருந்த திரிபிடகத்தை, மறந்து போய்விடும் என்று பயந்து, வலகம்பா மன்னன் காலத்தில் ஏட்டில் எழுதி வைத்த ஊர் இது. அலுவிகாரைக் குகை விகாரையின் அடிவாரத்தில் நின்றுகொண்டு ஒருவருடைய வாய்ப் பேச்சை நம்பிக் காசு கொடுப்பது கொஞ்சம் வெட்கம்தான். என்ன சாதி, எத்தனை நாள் வயது, எத்தனை பேடு, என்ன விலை, திகதி, பெயர். பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. ஏமாற்றினால் அந்தச் சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். முறையிட அந்தத் துண்டு கையில் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் அவர் துண்டு தரமாட்டார். "அக்கா, சேவல் வந்தால் போன் பண்ணுங்கள், மாற்றித் தருகிறேன்" என்று பெட்டி மூடியில் ஒரு இலக்கத்தை எழுதிக் கிழித்துக் கொடுப்பார். வாங்கிக்கொள்ளுங்கள். காசைக் கொடுப்பதற்கு முன்னால், அவர் உங்கள் கண்ணெதிரில் நிற்கும்போதே, அந்த இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள். அவருடைய சட்டைப் பையில் போன் அடிக்கிறதா?